பால்டிமோர் பார்க்கப் போகிறீர்களா? எந்த பால்டிமோர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரத்துப் பக்கம் இருப்பவர்கள் அயர்லாந்துக்குத் திட்டம் போடும்போது வரைபடத்தில் ஒரு பெயரைப் பார்த்துக் கண் நின்றுவிடும். தீவின் தென்மேற்கில், கார்க் மாவட்டத்தின் கடலோரத்தில், பால்டிமோர் என்று ஒரு சின்னத் துறைமுகக் கிராமம். நம் நகரத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான் போல, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு டப்ளினிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேரிலாந்தின் பால்டிமோர் நகரத்துப் பெயர் அந்தக் கிராமத்திலிருந்து வரவில்லை. அது ஒரு பிரபுப் பட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பட்டமோ, கடலே இல்லாத லாங்ஃபோர்ட் மாவட்டத்தில் இருந்த ஒரு பண்ணை நிலத்தின் பெயரில் வழங்கப்பட்டது.

அப்படியானால் கார்க் கிராமத்துக்குப் போக வேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். இந்தப் பெயரை ஒட்டிப் போகக்கூடிய இடங்களிலேயே என் முதல் தேர்வு அதுதான். ஆனால் போகிற காரணம் வேறாக இருக்க வேண்டும். 'நம் ஊரின் மூல ஊர்' என்று நினைத்துப் போனால் அங்கே அதற்கான எதுவும் கிடைக்காது, ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தக் கிராமத்துக்குச் சொந்தமாகவே நானூறு ஐந்நூறு வருஷக் கதை இருக்கிறது. அதற்காகப் போனால் இரண்டு நாள் போதாது. பெயர் வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. எது யாருக்கு ஏற்றது என்பதைப் பார்ப்போம்.

பட்டம் வந்த கதை

ஜார்ஜ் கால்வர்ட் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர், முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் அரசுச் செயலராக இருந்தவர். 1621-இல் மன்னர் அவருக்கு லாங்ஃபோர்டில் சுமார் 2,300 ஏக்கர் நிலம் கொடுத்தார். ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்து ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நிலமும் அப்படி வந்ததுதான். அந்தப் பண்ணையின் பெயர் பால்டிமோர். 1625-இல் கால்வர்ட் தன்னைக் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பதவியை விட்டு விலகினார். கத்தோலிக்கராக இருந்தால் அரசுப் பதவியில் நீடிக்க முடியாத நாடு அன்றைய இங்கிலாந்து. மன்னர் அவரைக் கைவிடவில்லை. அயர்லாந்துப் பிரபுக்கள் வரிசையில் சேர்த்து, பால்டிமோர் பிரபு என்று பட்டம் கொடுத்தார்.

அப்பா, மகன், பேரன் என்று ஆறு பேர் அந்தப் பட்டத்தை வைத்திருந்தார்கள். நான்காமவர் 1715-இல் பட்டத்துக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். ஆறாமவரான ஃப்ரெடெரிக், குடும்பத்துக்கு அரச சாசனத்தில் கிடைத்த மேரிலாந்து முழுவதையும் தன் சொத்தாக வைத்திருந்தும் ஒரு தடவைகூட அங்கே கால் வைக்கவில்லை. 1771-இல் நேப்பிள்ஸில் அவர் இறந்தபோது சட்டப்படியான வாரிசு இல்லாததால் பட்டம் அத்தோடு முடிந்துபோனது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் ஹென்றி ஹார்ஃபோர்டுக்கு மேரிலாந்துச் சொத்து போனது. சில வருஷங்களில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

பட்டம் போனாலும் பெயர்கள் நிலத்தில் தங்கிவிட்டன. மேரிலாந்தில் இருப்பவர்கள் தினமும் சொல்லும் மாவட்டப் பெயர்களைப் பாருங்கள். கால்வர்ட், சீசில், சார்ல்ஸ், ஹார்ஃபோர்ட் எல்லாமே இந்தக் குடும்பத்துப் பெயர்கள். பால்டிமோர்-வாஷிங்டன் விமான நிலையம் இருப்பது ஆன் அரண்டெல் மாவட்டத்தில். ஆன் அரண்டெல் இரண்டாம் பிரபுவின் மனைவி. மாநிலக் கொடியில் இருக்கும் கறுப்பு-தங்கக் கட்டங்கள் கால்வர்ட் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை. ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும் பால்டிமோர் ஓரியோல் பறவைக்குப் பெயர் வைத்ததும் அந்த நிறங்களைப் பார்த்துத்தான். நகரத்தின் பேஸ்பால் அணி அந்தப் பறவையின் பெயரை எடுத்துக்கொண்டது.

இந்தப் பெயரில் ஊர்களுக்கும் குறைவில்லை. ஒஹாயோவில் ஒன்று, வெர்மான்ட்டில் ஒன்று, கனடாவின் ஒன்டாரியோவில் ஒன்று. அமெரிக்கக் கடற்படையிலும் அடுத்தடுத்துப் பல கப்பல்களுக்கு இந்தப் பெயர். பயணத் திட்டத்துக்கு இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

லாங்ஃபோர்ட்: தனியாகப் போக வேண்டாம்

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு லாங்ஃபோர்ட் போகத் தோன்றும். பட்டம் அங்கிருந்துதானே வந்தது? எனக்கும் அந்த ஆவல் புரிகிறது. ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஒரு ஊரோ மாளிகையோ இல்லை. பசும்புல் வயல்களும் சதுப்பு நிலமும்தான். கால்வர்ட் குடும்பமும் அங்கே நிலைத்து வாழவில்லை.

டப்ளினிலிருந்து ஸ்லைகோ பக்கம் எப்படியும் போகிறீர்கள் என்றால் அந்த மாவட்டம் வழியில்தான் வரும். அப்போது கோர்லியாவில் இறங்கிப் பாருங்கள். கி.மு. 148-இல் சதுப்பு நிலத்தின் மேல் ஓக் பலகைகளை அடுக்கிப் போட்ட சாலை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, அதன் ஒரு பகுதி கூடத்துக்குள் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. பால்டிமோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் லாங்ஃபோர்டில் ஒரு மணி நேரம் செலவழிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கார்க் கடலோரக் கிராமம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஐரிஷ் மொழியில் இந்த ஊருக்கு வேறு பெயர்: டூன் நா ஷேட். சாலைப் பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கும். ஊரில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். படகுத்துறையிலிருந்து மேடேறினால் ஒரு சின்னச் சதுக்கம் வரும். கடலைப் பார்த்தபடி பெஞ்சுகள், பின்னால் வரிசையாகப் பப்புகளும் உணவகங்களும், அவற்றுக்கும் மேலே பழைய கோட்டை. துறைமுகத்துக்கு எதிரே ஷெர்க்கின் தீவு குறுக்கே கிடக்கிறது. அட்லாண்டிக் அலையை அது தாங்கிக்கொள்வதால் உள்ளே தண்ணீர் அடங்கியிருக்கும். மீன்பிடிக்கவும், கப்பலை ஒளித்துவைக்கவும், வருகிற கப்பலிடம் காசு வாங்கவும் ஏற்ற இடம். ஊரின் கதை முழுவதும் இந்த அமைப்பிலிருந்து கிளைத்ததுதான்.

ஓ டிரிஸ்கால் என்ற ஐரிஷ் குலத்தார் இந்தத் துறைமுகத்தை ஆண்டார்கள். கடலில் போகிற வருகிற கப்பல்களிடம் தண்டல் வாங்குவது அவர்கள் தொழில்களில் ஒன்று. தென்கிழக்குத் துறைமுக நகரமான வாட்டர்ஃபோர்டின் வணிகர்களுக்குப் போர்ச்சுகலிலிருந்து ஒயின் ஏற்றி வந்த கப்பல் ஒன்று புயலுக்கு ஒதுங்கியபோது அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1537-இல் வாட்டர்ஃபோர்டுக்காரர்கள் படை திரட்டி வந்து பழிதீர்த்தார்கள். ஊரும் எரிந்தது, ஷெர்க்கினில் இருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடமும் எரிந்தது. பிறகு சீரமைக்கப்பட்ட அந்த மடத்தின் இடிபாடு இன்றும் ஷெர்க்கின் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கிராமத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் படகில் போய்விடலாம்.

1600-களின் தொடக்கத்தில் தாமஸ் குரூக் என்ற ஆங்கிலேயர், குலத்தலைவர் ஃபினீன் ஓ டிரிஸ்காலிடம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆங்கிலேயக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். நம் மத்தி மீனின் உறவான பில்ச்சர்ட் மீன் அப்போது இந்தக் கரையோரம் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தது. பிடித்த மீனை உப்பிட்டு, அழுத்தி எண்ணெய் எடுத்து, பீப்பாயில் அடைத்து ஏற்றுமதி செய்தார்கள். ஊர் வளர்ந்தது. 1613 முதல் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் அளவுக்குப் போனது.

அப்புறம் 1631 ஜூன் 20 வந்தது. அல்ஜியர்ஸிலிருந்து இரண்டு கப்பல்கள், தலைவன் மூராத் ரெய்ஸ். ஹாலந்தின் ஹார்லெமில் யான் யான்ஸோன் என்ற பெயரில் பிறந்து, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, மதம் மாறி, அவர்களுக்கே தளபதியானவன். வழியில் டங்கார்வன் மீன்பிடிப் படகு ஒன்றைப் பிடித்தார்கள். அதன் தலைவன் ஜான் ஹாக்கெட், கார்க் கரையோரத்தின் இன்னொரு துறைமுகமான கின்சேலில் காவல் பலமாக இருக்கிறது என்று சொல்லி, இந்தப் பக்கம் வழிகாட்டினான். விடியும் முன்பே கடலோரக் குடிசைகளில் புகுந்தார்கள். கூரைகளில் தீ வைத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் அல்ஜியர்ஸ் அடிமைச் சந்தையில் விற்றார்கள். பெரும்பாலும் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்கள்தான். மேட்டில் இருந்த வீட்டுக்காரர்கள் துப்பாக்கி வெடித்து, முரசு அடித்து எச்சரித்ததால் ஊரின் மறுபாதி தப்பியது. போனவர்களில் இரண்டு மூன்று பேர்தான் பிற்பாடு மீட்கப்பட்டார்கள், அதுவும் பதினைந்து வருஷம் கழித்து. ஹாக்கெட்டைத் தூக்கில் போட்டார்கள். மிச்சமிருந்த குடும்பங்களில் பல உள்நாட்டில் ஸ்கிபரீனுக்குக் குடிபோயின.

கொள்ளையர் புகுந்த அந்தக் கடலோரப் பகுதிக்கு இன்றும் கோவ் என்றே பெயர். சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அமைதியான சின்ன வளைவு, படகுகள், சில வீடுகள். நடந்ததைத் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் நெஞ்சு கனக்கும். ஊரின் ஒரு பப்புக்கு அல்ஜியர்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் அந்த இரவை மறக்கவில்லை.

இந்தத் தாக்குதலுக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1632 ஜூன் 20 அன்று, மேரிலாந்து குடியேற்றத்துக்கான சாசனம் இரண்டாம் பால்டிமோர் பிரபுவின் பெயரில் முத்திரையிடப்பட்டது. தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உறவு தேடுபவர்களுக்கு என்னால் காட்ட முடிந்த ஒரே முடிச்சு அதுதான்.

ஊர் மறுபடி தலைநிமிர இருநூறு வருஷங்களுக்கு மேல் ஆனது. 1887-இல் பாதிரியார் சார்ல்ஸ் டேவிஸின் முயற்சியிலும் பர்டெட்-கூட்ஸ் சீமாட்டியின் ஆதரவிலும் மீன்பிடிப் பயிற்சிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. வலை பின்னவும் படகு கட்டவும் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1893-இல் ரயில் வந்தது. பிடித்த மீன் சந்தைக்கு வேகமாகப் போக அது வழி செய்தது. அன்று அயர்லாந்தின் தென்கோடி ரயில் நிலையம் இதுதான். 1961-இல் தடத்தை மூடிவிட்டார்கள். இன்று போவதென்றால் கார்க் நகரத்திலிருந்து சுமார் 95 கிலோமீட்டர் சாலைப் பயணம். பேண்டன், குளோனகில்டி, ஸ்கிபரீன் வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கேயும் நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் கடைசிப் பகுதியில் சாலை குறுகல், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். பேருந்து ஸ்கிபரீன் வரை நன்றாக இருக்கிறது. அங்கிருந்து கிராமத்துக்குக் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஊருக்கு வந்தால் முதலில் பீக்கனுக்கு நடந்துவிடுங்கள். துறைமுக வாய்க்கு மேலே பாறை முனையில், கூம்பு வடிவத்தில், வெள்ளையடித்து நிற்கும் கல் கட்டடம். 1798-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஐரிஷ்காரர்கள் செய்த கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு கரையோரம் எச்சரிக்கைக் குறிகள் வைக்க உத்தரவிட்டதில் வந்தது. உள்ளூர்க்காரர்கள் 'லோத்தின் மனைவி' என்பார்கள். பைபிள் கதையில் உப்புத் தூணாகிப்போனவள். கிராமத்திலிருந்து அரை மணி நேர நடை. கடைசியில் சாலை முடிந்து புல்மேடு செங்குத்தாக ஏறும். மேலே தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது, கீழே நேராகக் கடல். காற்று வீசும் நாளில் குழந்தைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காற்றில்லாத மாலையில் போனால் ஷெர்க்கினும், அதற்கப்பால் கேப் கிளியரும், நடுவில் நுரைத்து ஓடும் நீரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

கேப் கிளியர் தீவுக்குப் படகில் முக்கால் மணி நேரம். அயர்லாந்தில் மக்கள் குடியிருக்கும் தென்கோடித் தீவு. நூற்றுச் சொச்சம் பேர், பேச்சு ஐரிஷ் மொழியில். காலைப் படகில் சுற்றுலாப் பயணிகளோடு தீவு மக்களின் மளிகைப் பெட்டிகளும் ஏறும். 1959-இல் தொடங்கிய பறவை ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வழிதவறி வரும் பறவைகளைப் பார்க்கவே ஆட்கள் வந்து தங்குகிறார்கள். கோடையில் சில படகுகள் ஃபாஸ்ட்நெட் பாறை வரை போய்ச் சுற்றி வரும். தனிப் பாறையின் மேல், ஒன்றோடொன்று கோத்து வைத்த கிரானைட் கற்களால் எழுந்த அந்தக் கலங்கரை விளக்கம் 1904-இல் எரியத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் தங்கள் நாட்டின் கடைசித் துண்டாகப் பார்த்தது அந்தப் பாறையைத்தான். 1979-இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியின்போது புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அன்றிரவு கடலுக்குப் போன உயிர்காப்புப் படகுகளில் பால்டிமோர் நிலையத்தின் படகும் ஒன்று.

இன்னொரு பக்கம் லாக் ஹைன். கடல்நீர் ஏரி அது. குறுகிய வாய்க்கால் வழியாக அலையேற்றத்தின்போது கடல் உள்ளே பாயும், இறக்கத்தில் வெளியே பாயும். 1981-இல் அயர்லாந்தின் முதல் கடல்சார் காப்பகமாக அறிவித்தார்கள். நிலவில்லாத கோடை இரவில் கயாக் ஓட்டினால் துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீல ஒளியில் மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் செய்யும் வேலை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குப் பணம் செலவழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சாப்பாடு பற்றி: நண்டும் மீனும் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நண்டு சாண்ட்விச் சாப்பிடுவது அங்கே வழக்கம். சைவர்கள் சமையலறை உள்ள வீடாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 13 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்கிபரீனில் காய்கறி வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே சனிக்கிழமைச் சந்தை நன்றாக இருக்கும். ஸ்கிபரீனுக்கு அதற்காக மட்டும் போகாமல், 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் பற்றிய காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட வட்டாரங்களில் அது ஒன்று. ஊருக்கு வெளியே ஆபிஸ்ட்ரூரி மயானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பெயரில்லாமல் ஒரே குழியில் கிடக்கிறார்கள்.

கின்சேலில் தங்கிவிட்டுப் பால்டிமோரை ஒரு நாளில் பார்த்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் இருப்பார்கள். கின்சேல் கார்க் விமான நிலையத்துக்குப் பக்கம், உணவகங்கள் அதிகம், சார்ல்ஸ் கோட்டை பெரியது. வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தால் கின்சேல்தான் வசதி. மற்றவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். போக வரச் சாலையிலேயே பாதி நாள் போய்விடும், தீவுப் படகு கிடைக்காது.

மேரிலாந்திலேயே இருக்கிறது

பெயர் வந்த வழியைப் பார்க்கத்தான் ஆசை என்றால், மேரிலாந்துக்காரர்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. பால்டிமோர் நகரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் செயின்ட் மேரிஸ் சிட்டி. 1634-இல் ஆர்க், டவ் என்ற இரண்டு கப்பல்களில் வந்தவர்கள் அமைத்த முதல் தலைநகரம். இரண்டாம் பிரபு சீசில் இங்கிலாந்திலேயே இருந்துகொண்டு தம்பி லெனார்டை ஆளுநராக அனுப்பினார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஒரே குடியேற்றத்தில் வழிபாட்டுத் தடையில்லாமல் வாழ 1649-இல் இங்கே சட்டம் போட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான், அதிலும் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுத்தால் மரணம் என்று விதி. ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பெரிய அடி.

1690-களில் தலைநகரம் அன்னாபொலிஸுக்கு மாறியதும் ஊர் வயலாகிவிட்டது. அதனால்தான் மண்ணுக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. செங்கல் தேவாலயத்தின் அடித்தளத்தில் மூன்று ஈயச் சவப்பெட்டிகளை 1990-களின் தொடக்கத்தில் வெளியே எடுத்தார்கள். ஒன்றில் முதல் பிரபுவின் மகன் ஃபிலிப் கால்வர்ட், ஒன்றில் அவர் மனைவி ஆன், மூன்றாவதில் ஒரு கைக்குழந்தை. பால்டிமோர் என்ற பட்டத்துக்கு மிக நெருக்கமாகப் போய் நிற்க வேண்டுமென்றால் அந்தத் தேவாலயத்தில்தான் நிற்க வேண்டும். தேவாலயத்தைப் பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், கரையில் டவ் கப்பலின் மாதிரி மிதக்கிறது. குழந்தைகளுக்கும் ஒரு முழு நாள் நன்றாகப் போகும்.

நகரத்தைப் பொறுத்தவரை, அது 1729-இல் தொடங்கியது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாள் வைத்தால் மெக்ஹென்றி கோட்டைக்குப் போங்கள். 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்கள் 25 மணி நேரம் குண்டு பொழிந்தும் கோட்டை விழவில்லை. மறுநாள் காலை அங்கே பறந்த கொடியைப் பார்த்து எழுதிய வரிகள்தான் அமெரிக்க தேசிய கீதம் ஆயின. கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் தூரத்தில் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இருந்த நீர்ப்பரப்பு தெரியும். 2024 மார்ச் 26 அதிகாலை டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அது இடிந்தது, பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. மாலுமிகளில் ஒருவர் இலங்கையர், மற்ற இருபது பேரும் இந்தியர்கள். பல வாரங்கள் கப்பலை விட்டு இறங்க முடியாமல் அங்கேயே கிடந்தார்கள்.

ஃபெரிலேண்ட்: முதல் பிரபுவைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஜார்ஜ் கால்வர்ட் மேரிலாந்தில் குடியேறியவர் இல்லை. சாசனம் முத்திரையாகும் முன்பே 1632 ஏப்ரலில் இறந்துவிட்டார். அவர் குடும்பத்தோடு வாழ்ந்து பார்த்த அமெரிக்கக் குடியேற்றம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், ஃபெரிலேண்டில் இருக்கிறது. 1621-இல் ஆட்களை அனுப்பி, அவலான் என்று பெயரிட்டார். 1628-இல் குடும்பத்தோடு வந்து ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்தார். நூறு பேரில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் படுக்கையில், ஒன்பது பத்துப் பேர் சாவு, அவர் வீடே மருத்துவமனை ஆகிவிட்டது. 1629-இல் மன்னருக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தெற்கே கிளம்பினார். அந்தக் குளிர் இல்லாவிட்டால் மேரிலாந்து என்ற இடமே உருவாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

கல் பாவிய தெரு, மாளிகையின் அடித்தளம், கடல் அலையே வந்து கழுவிவிடும்படி கட்டிய கழிப்பறை எல்லாம் தோண்டி எடுத்துக் காட்டுகிறார்கள். செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அந்தக் கரையோரம் பின்னாளில் குடியேறியவர்கள் வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஐரிஷ்காரர்கள். பேச்சில் அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது. கோடையில் மட்டும் போங்கள், மற்ற மாதங்களில் தளம் மூடியிருக்கும்.

சரி, எதை எடுப்பது?

விசாவிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நம்மவர்களுக்குப் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அமெரிக்க கிரீன் கார்டும் உதவாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தால் சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை. கனடாவுக்கு கிரீன் கார்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் போகலாம், எச்1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் எடுத்தாக வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மேரிலாந்தில் இருந்துகொண்டு, பட்டமும் பெயரும் வந்த கதைதான் ஆர்வம் என்றால் இந்த வார இறுதியிலேயே செயின்ட் மேரிஸ் சிட்டிக்குக் கிளம்புங்கள். நாளெல்லாம் சுற்றியும் செலவு பெட்ரோலும் நுழைவுக் கட்டணமும்தான். அந்தக் கதை பிடித்துப்போய் இன்னும் தோண்ட ஆசை வந்தால் அடுத்த கோடைக்கு ஃபெரிலேண்ட். இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கும் செயின்ட் மேரிஸ்தான் சரி. நடை குறைவு, நிழல் உண்டு.

டப்ளினிலோ கார்க்கிலோ வேலை பார்ப்பவர்களும், அயர்லாந்துக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியவர்களும் கார்க் பால்டிமோரை எடுங்கள். கடலும் தீவும் கதையும் ஒரே இடத்தில் இப்படிச் சேர்ந்து கிடைப்பது அரிது. மேரிலாந்துக்காரர்களும் போகலாம், பெயரின் மூலத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மே மாதத்தில் ஃபிடில் இசை விழா நடக்கும்போதும் ஆகஸ்டில் பாய்மரப் படகுக்காரர்கள் குவியும்போதும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நவம்பருக்குப் பிறகு பாதிக் கடைகள் மூடியிருக்கும், படகுகளும் குறைந்துவிடும். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். கேப் கிளியர் படகைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் வந்த மறுநாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகமாகிப் படகு நின்றுவிட்டால் இன்னொரு நாள் கையில் இருக்கும்.